குழந்தைகளும் வீட்டு ஜலச் சிக்கனமும்



சிக்கனம் என்பது இச்சபைக்குப் புதிய விஷயமன்று. அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் 1904-ஆம் ஆண்டு விவசாயிகளுக்கான ஐக்கிய நாணய சங்கம் ஏற்பட்ட காலந்தொட்டு, அவ்வுபதேசம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்யப்பட்டே வருகிறது. ஆயினும், ஒரு ரூபாயும் பிசகாமல் வரவு செலவு எழுதிவைக்கும் குடித்தனக்காரரை நோக்கி, தங்கள் வீட்டில் நாளொன்றுக்கு எத்தனை குடம் ஜலம் செலவாகிறது என்று வினவினால், விடை கிடைப்பது அரிது. இக்கணக்கைக் குழந்தைகளிடம் ஒப்புவிப்பது நலம்.

கிணற்றில் இறைத்துச் சுமந்து வந்த காலத்தில் இதற்கெனத் தனிப் பாடம் வேண்டியிருக்கவில்லை. கயிறும் இடுப்புக் குடமுமே அதைக் கற்பித்தன. குழாயைத் திருகியவுடன் ஜலம் கொட்டும் வீட்டில் அப்பாடம் மறைந்துபோகிறது. சுமப்பவள் தாயாகவோ தமக்கையாகவோ இருக்க, கொட்டுபவன் சிறுவனாக இருப்பின், அவனுக்கும் அது விளங்குவதில்லை. ஆகையால் ஆண் குழந்தைகளும் வயதுக்கேற்ற சிறு பாத்திரத்தில் ஜலம் கொண்டுவருதல் வேண்டும். பெண்களுக்கே இவ்வேலையை ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றண்டை சிறுவரைத் தனியே அனுப்பலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2019-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என வகுக்கப்பட்டது. ஐவருள்ள குடும்பத்திற்கு இது 275 லிட்டராகும்; அதாவது, 15 லிட்டர் கொள்ளும் குடத்தால் ஏறக்குறைய 18 குடம். பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளை இக்கணக்கைத் தானே போட்டுப் பார்த்து, ஒரு வாரம் வீட்டில் செலவாகும் குடங்களைச் சுவரில் கரிக்கோடிட்டு எண்ணி வரட்டும். குழாயைத் திறந்துவிட்டபடியே பல் துலக்கும் சிறுவன் அதனடியில் ஒரு வாளியை வைத்து, எவ்வளவு நிரம்பிற்று என்று பார்க்கட்டும். மறுநாள் ஒரு செம்பு ஜலத்தில் அக்காரியத்தை முடிக்கட்டும். இரண்டிற்குமுள்ள வித்தியாசத்தை அவனே வீட்டாருக்குச் சொல்லுவான். அதட்டலும் அடியும் தேவைப்படா. சொட்டுங் குழாயின் அடியில் இரவில் ஏனத்தை வைத்துக் காலையில் அளப்பதும் இத்தகைய பாடமே.

அரிசி களைந்த நீரைத் தொட்டிக்கும், குளித்த நீரை வாழையடிக்கும் சேர்ப்பிக்கும் பொறுப்பையும் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். சோப்பு மிகுந்த ஜலத்தை மட்டும் கீரைப் பாத்திக்கு விடலாகாது.

சிக்கனத்தின் பெயரால் அசுத்தம் புகுந்துவிடலாகாது. உண்ணுமுன்னரும், மலங்கழித்து வந்த பின்னரும் குழந்தை சோப்பிட்டுக் கை கழுவியே தீரவேண்டும். சோப்புத் தேய்க்கும் நேரத்தில் குழாயை மூடிவைத்தால் போதுமானது. தாகத்திற்குக் குடிக்கும் ஜலத்திலும் கட்டுப்பாடு கூடாது.

வீட்டுப் பெரியவர் குழாயைத் திறந்துவிட்டு அண்டை வீட்டாரோடு ஊர்க்கதை பேசி நிற்பாராயின், மேற்சொன்ன யாவும் வீணே. குழந்தைகள் காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதையே பற்றிக்கொள்ளுகின்றனர். ஆகவே, கரிக்கோட்டுக் கணக்கில் தகப்பனார் செலவிடும் குடங்களும் சேரட்டும். அடுத்த மாதக் கூட்டத்திற்கு அங்கத்தினர் அக்கணக்கைக் கொண்டுவருவாராயின், சங்கத்தின் நடவடிக்கைப் புஸ்தகத்தில் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்குவதில் காரியதரிசிக்குச் சிரமமிராது.