விலை ஒன்று, செலவு ஒன்று



செல்போனில் ஒரு புடவை. விலை 100 ரூபாய். அனுப்பும் செலவு 300 ரூபாய். மொத்தம் 400 ரூபாய். கடைத்தெருவில் அதே புடவை 350 ரூபாய். எது மலிவு?

இது பழைய தந்திரம். இணையத்தில் ஏலம் நடத்தும் ஈபே நிறுவனம் 1995இல் அமெரிக்காவில் தொடங்கியது. விற்பவரிடம் அது கமிஷன் வாங்கும். அப்போது பொருளின் விலைக்கு மட்டுமே கமிஷன். அனுப்பும் செலவுக்குக் கமிஷன் இல்லை. அதனால் சிலர் விலையைக் குறைத்தார்கள். அனுப்பும் செலவை ஏற்றினார்கள். மலிவு என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். 2011இல் அனுப்பும் செலவுக்கும் ஈபே கமிஷன் வாங்கத் தொடங்கியது.

அனுப்பும் செலவு வாங்கலாமா? வாங்கலாம். பெட்டிக்கும் தபாலுக்கும் பணம் வேண்டும் அல்லவா? ஆனால் விலையை அதற்குள் ஒளிப்பது தவறு. பொருளைத் திருப்பி அனுப்பினால் சில இடங்களில் விலை மட்டுமே திரும்பக் கிடைக்கும். அப்போது 300 ரூபாய் போய்விடும்.

நம் நாட்டில் 2020இல் இதற்கு விதி வந்தது. இணையத்தில் விற்பவர் மொத்த விலையைக் காட்ட வேண்டும். அனுப்பும் செலவு, வரி ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்தும் காட்ட வேண்டும்.

பணம் கட்டும் முன் கூட்டிப் பாருங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள்.