வீட்டில் பாடம், வகுப்பில் கணக்கு



ஆசிரியர் பாடம் சொல்வது வகுப்பில். கணக்குப் போடுவது வீட்டில். இதுதானே நம் வழக்கம்? கணக்கில் பிள்ளை தடுமாறும்போது பக்கத்தில் இருப்பது யார்? தோட்டத்திலோ மாக் மண்டின் தொழிற்பேட்டையிலோ வேலை செய்து களைத்து வந்த அம்மாதான். "எனக்குத் தெரியலையே, கண்ணு" என்பார். மறுநாள் பிள்ளை வெறுந்தாளோடு வரும்.

இதைத் திருப்பிப் போட்டால் என்ன? 1991இல் அமெரிக்க ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை இயற்பியல் கற்பித்த பேராசிரியர் எரிக் மஸூர், மாணவர் பாடத்தை முன்பே படித்து வரவேண்டும் என்றார். வகுப்பில் கேள்வி கேட்டு, ஒருவருக்கொருவர் விளக்கச் சொன்னார். 2007இல் கொலராடோ மாநிலத்தில் இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் பாடத்தைப் படம்பிடித்து வீட்டில் பார்க்கச் செய்தார்கள். வகுப்பு நேரம் பயிற்சிக்கு மிஞ்சியது.

நமக்கு இது புதுசா? திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாரே! சென்னையில் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், 1797இல் அதை நூலாக்கி இங்கிலாந்தில் பரப்பினார்.

ஆனால் 2020இல் பள்ளிகள் மூடியபோது பார்த்தோம்: வீட்டுக்கு ஒரு கைப்பேசி, பிள்ளைகள் மூன்று. அப்பா வேலைக்குப் போனால் கைப்பேசியும் போய்விடும். ஆகவே படம் வேண்டாம். புத்தகத்தில் இரண்டு பக்கம் போதும். பழைய முறையையும் தள்ள வேண்டாம். எழுத்தும் வாய்பாடும் ஆசிரியர் வாயால் கேட்டுத்தான் வரவேண்டும்.

பெற்றோர்களே, நீங்கள் பாடம் சொல்லித்தர வேண்டாம். இரவில் அரைமணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தி, "நாளைக்கு என்ன பாடம்? படிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். கணக்கை நாங்கள் பக்கத்தில் இருந்து போட வைக்கிறோம்.