நுரையீரற் புற்று: ஒரு பெயர், பல நோய்கள்

அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் மழையும் பனியும் தொடங்கிவிட்டால் இருமல் ஒலி கேளாத லயம் இல்லை. பெரும்பாலும் அது குளிராலும் தடிமனாலும் வருவதே, தானாகவே நீங்கிவிடும். நீங்காத இருமல் சிலவற்றின் பின்னே காசநோய் இருக்கலாம்; அரிதாக நுரையீரற் புற்றுநோயும் இருக்கலாம். "பீடியைத் தொட்டும் அறியாதவளுக்கு இந்நோய் எப்படி வரும்?" என்று வீட்டார் திகைப்பதுண்டு. நுரையீரற் புற்று என்பது ஒரு நோயன்று; ஒரே பெயரால் வழங்கும் பல நோய்கள். இதனை அறிந்தால் அத்திகைப்பு நீங்கும்.

வைத்தியர்கள் இதனைச் சிறுகலப் புற்று, சிறுகலமல்லாத புற்று என இரு பெரும் பிரிவாக வகுப்பர். நோயாளர் நூற்றுவரில் ஏறத்தாழ 15 பேருக்கு வருவது சிறுகலப் புற்று. பெரும்பாலும் மார்பின் நடுப்பகுதியில் தோன்றி, விரைந்து வளர்ந்து, பிற உறுப்புகளுக்கும் பரவிவிடும் இயல்பினது. ஆகவே சத்திரசிகிச்சை இதற்கு அரிதாகவே பயன்படும். மருந்தும் கதிர்ச் சிகிச்சையுமே துணை. இது புகைப்போரை விட்டுப் பிறரை நாடுவது மிக அரிது.

மற்றப் பிரிவினுள் முக்கியமானவை மூன்று. முதலாவது செதிட்கலப் புற்று. இதுவும் புகைத்தலோடு நெருங்கிய தொடர்புடையது. பெரிய மூச்சுக்குழாய்களில் தோன்றுவதால் இருமலும், சளியில் இரத்தமும் காணப்படும். சில வேளைகளில் நடுவே குழி விழுந்து, எக்ஸ்-கதிர்ப் படத்தில் காசநோய் போலத் தோன்றி மயக்கும். இரண்டாவது சுரப்பிக்கலப் புற்று. இன்று மிகுதியாகக் காணப்படுவது இதுவே. நுரையீரலின் ஓரத்தில் தோன்றுவதால் நெடுங்காலம் அறிகுறி காட்டாதிருக்கும். புகைப்போருக்கும் வரும், ஆயினும் புகைக்காதோருக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, வரும் நுரையீரற் புற்றில் பெரும்பகுதி இவ்வகையே. மூன்றாவது பெருங்கலப் புற்று; அரிதானது, விரைந்து வளர்வது.

புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுக்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டோல், பிராட்போர்ட் ஹில் ஆகிய அறிஞர் இருவர் 1950 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் எடுத்துக்காட்டினர். புகைச்சுருளே இன்றும் முதற் காரணம். ஆயினும் அது ஒன்றே காரணமன்று. வீட்டினுள் விறகெரிப்பதால் எழும் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடியதென உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் கருதுகிறது. புகைபோக்கியில்லாத லயக் காம்பராவில் விடியுமுன் அடுப்பு மூட்டிவிட்டுக் கொழுந்தெடுக்கச் செல்லும் தாய்மார் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். அடுப்புக்குப் புகைபோக்கி அமைத்தலும், சன்னலைத் திறந்துவைத்தலும் நன்று.

வகையை அறிவது ஏட்டுக் கல்விக்காக அன்று. சிகிச்சையே அதனால் மாறுபடும். சுரப்பிக்கலப் புற்றில் சில மரபணு மாற்றங்கள் காணப்படின், அவற்றுக்கென்றே அமைந்த மாத்திரைகள் உள்ளன. ஆனால், எக்ஸ்-கதிர்ப் படம் ஒன்றைக் கொண்டு வகையைத் துணிய முடியாது. கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தல் வேண்டும்.

இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், மாறாத குரலடைப்பு ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். முதலிற் சளியைச் சோதித்துக் காசநோய் உண்டா என்று பார்ப்பர். அஃது இல்லையெனக் கண்ட பின்னும் இருமல் நிற்காவிடின், அத்துடன் அமையாது மேற்சோதனையைக் கேட்டுப் பெறல் வேண்டும். மஹரகமப் புற்றுநோய் வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கின்றது.

ஒரு நாட் பேர் போய்விடுமே என்று பலர் தயங்குகின்றனர். போன பேரை மறுநாள் உழைத்து ஈட்டலாம். நோய்க்கு விட்டுக்கொடுத்த மாதங்களை மீட்டல் அரிது.