தொப்பையும் ராத்திரி விழிப்பும்
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்ஜினியரை மேடைக்குக் கூப்பிட்டால் வேலைவாய்ப்பு பற்றிப் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது தொப்பையையும் சிறுநீரையும் பற்றி. சிரிக்கலாம், தப்பில்லை. நானும் சிரித்து மறைத்தவன்தான்.

இந்தக் கல்லூரியை விட்டுப் போகும்போது என் எடை 62 கிலோ. ஓசூரில் ஷிப்ட் வேலை. வேப்பனப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ். நைட் ஷிப்டில் டீயும் போண்டாவும், காலையில் வயிறு முட்டச் சாப்பாடு, உடனே படுக்கை. பத்து வருடத்தில் 96 கிலோ ஆகிவிட்டேன். பகல் ஷிப்ட் வாரங்களில் ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பேன். பஸ்ஸில் அடக்க முடியாது. டிரைவர் அண்ணனிடம் நிறுத்தச் சொல்ல வெட்கம். என்ன செய்தேன் தெரியுமா? தண்ணி குடிப்பதையே குறைத்துவிட்டேன். கூடவே ஒரு நண்பர் சொன்னார் என்று சோற்றை விட்டு, மூணு வேளையும் கறியும் முட்டையும். அந்தக் கோடையிலேயே சிறுநீரகக் கல். அந்த வலி எதிரிக்கும் வரக்கூடாது.

அப்புறம்தான் டாக்டரிடம் போனேன். அவர் சொன்னது நமக்குப் புரிகிற கணக்குதான். வயிற்றில் சேரும் கொழுப்பு சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. பை நிறையும் முன்பே அவசரம் வருகிறது. பருமனோடு சர்க்கரையும் சேர்ந்தால் சிறுநீரின் அளவே கூடும். தூக்கத்தில் மூச்சு அடைபடுகிற குறட்டைக்காரர்களுக்கும் ராத்திரித் தொல்லை அதிகம். புராஸ்டேட் வீக்கமாகவும் இருக்கலாம். எது என்று சோதித்துத்தான் சொல்ல முடியும். தண்ணியைக் குறைத்து, கறியைக் கூட்டினால் கல் உண்டாக நாமே வழி செய்துகொடுக்கிறோம்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சர்க்கரை நோயுள்ள, பருத்த ஆண்கள் 31 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2011ல் வெளியிட்டார்கள். சிலருக்கு மிகக் குறைந்த கலோரி உணவு, மற்றவர்களுக்குக் கொழுப்பு குறைந்த புரத உணவு. எட்டு வாரத்தில் முதல் குழு சுமார் 10 சதவீதமும், இரண்டாம் குழு சுமார் 5 சதவீதமும் எடை குறைந்தது. சிறுநீர்த் தொல்லை இரண்டு குழுவுக்குமே குறைந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் 5 சதவீதம் என்றால் எனக்கு வெறும் 5 கிலோ! அது முடியாதா என்ன?

பட்டினி கிடக்கவில்லை. அம்மா தட்டில் வைக்கும் களி உருண்டையைப் பாதியாக்கினேன். கீரையும் அவரைக்கொட்டைக் குழம்பும் கூட்டினேன். களி நல்லதுதான், அதற்காக மூணு உருண்டை தின்றால் இளைக்குமா? போண்டாவுக்குப் பதில் சுண்டல். பகலில் தாராளமாகத் தண்ணி, படுப்பதற்கு ரெண்டு மணி நேரம் முன்னால் நிறுத்திவிடுவேன். தினம் முக்கால் மணி நேரம் நடை. எட்டு மாதத்தில் 89 கிலோ. இப்போது ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறேன். பெண்டாட்டிக்கும் நிம்மதியான தூக்கம்.

தம்பிகளே, இரண்டு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி டயட்டில் இறங்காதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், அடைப்பு இருந்தால் எடை குறையட்டும் என்று காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீடு தேடி வந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மருத்துவம் வாசலுக்கு வருகிறது. வாய் திறந்து சொல்ல வேண்டியது நாம்தான்.

இன்று விருந்தில் இனிப்பு உண்டு. ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதைப் பக்கத்து நண்பருக்குத் தராதீர்கள். அவரும் நமக்கு வேண்டியவர்தான்!