உடைஞ்ச ஊசிக்கு ஒரு நோட்டு

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இங்கே பாதிப் பேருக்கு மேல் பனியன் கம்பெனிக்குப் போறவங்க. அதனால் ஊசியில் இருந்தே தொடங்குகிறேன். ஓவர்லாக் மிஷின் நிமிஷத்துக்கு 5,000 தையலுக்கு மேல் ஓடும். அந்த வேகத்தில் ஊசி உடைஞ்சா துண்டு எங்கே தெறிக்கும்னு சொல்ல முடியாது. ஏற்றுமதி கம்பெனிகளில் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி எழுதின பிறகுதான் புது ஊசி தருவாங்க. எங்கேயோ ஒரு குழந்தை போடுற சட்டையில் துண்டு இருந்துடக் கூடாதில்லையா? நியாயமான ஏற்பாடுதான்.

ஆனா தேடுறது யாரு? ஊசி உடைஞ்ச டெய்லர் மட்டுமா? கைமடி பொண்ணு, செக்கிங் அக்கா, பக்கத்து மிஷின்காரம்மா எல்லோரும் தரையில் குனிஞ்சு காந்தத்தை உருட்டுவாங்க. பீஸ் ரேட்டுக்காரங்களுக்கு அந்த நேரமெல்லாம் காசு. இருந்தும் எழுந்து வருவாங்க. "போன வாரம் எனக்கு நீ தேடலையா?" அவ்வளவுதான் பேச்சு. 2012-ல் மின்வெட்டு மணிக்கணக்கில் இருந்தப்ப, வாசல் வெளிச்சத்தில் பிசிறு வெட்டிக்கிட்டே பேசினதில் ஆரம்பிச்ச குழுகூட நம்மகிட்ட இருக்கு.

இதையெல்லாம் கேட்க எனக்கும் சந்தோஷம்தான். ஆனா ஒண்ணு மனசை உறுத்துது. ஒரு யூனிட்டில் பெண்கள் கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாள் உடைஞ்சு மாசக்கணக்காச்சு. ஒருத்தி உள்ளே போனா இன்னொருத்தி கதவைப் பிடிச்சுக்குவா. சிரிச்சுக்கிட்டே பழகிட்டாங்க. புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு மட்டும் மத்தியானம் வரைக்கும் தண்ணியே குடிக்காது. ஏன் கண்ணுன்னு கேட்டதுக்கு, "கதவைப் பிடிக்க யாரைக் கூப்பிடறதுன்னு தெரியலீங்க்கா" என்றது.

நாம கதவைப் பிடிச்சுக்கிட்டே இருந்தோம், தாழ்ப்பாள் வரவே இல்லை.

பெண்களுக்குத் தனியா, மறைப்போட கழிப்பறை வேணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினாங்க. ஆனா கேட்கப் போனா, ஒருத்தியாப் போனவளுக்கு "இதெல்லாம் ஒரு பிரச்சினையா"ன்னுதான் பதில் வருது. அதனால அந்த யூனிட்டில் இருக்கிற நம்ம உறுப்பினர்கள் ஆறு பேர் ஊசி நோட்டையே பார்த்து இன்னொரு நோட்டுப் போட்டாங்க. என்ன உடைஞ்சது, எந்தத் தேதி, யார்கிட்ட சொன்னோம், என்ன பதில். ரெண்டு தடவை சொல்லி, எழுதி, மூணாவது தடவை ஆறு பேரும் நோட்டோட சூப்பர்வைசர் முன்னாடி நின்னாங்க. சம்பளம் பிடிப்பாங்களோன்னு பயம் இருந்ததை மறைக்க வேண்டாம். ரெண்டு நாளில் தாழ்ப்பாள் வந்துச்சு. நாலு திருகாணி வேலைங்க அது! காத்தாடி மட்டும் இன்னும் சரியாகலை. நோட்டில் இருக்கு.

நம்ம தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்ப கோடு போட்டு வெச்சிருக்கேன். டீ வர்ற வரைக்கும் ஒவ்வொருத்தரா உங்க யூனிட்டில் என்ன உடைஞ்சு கிடக்குன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன். கம்பெனி பேர் வேண்டாம், தேதி மட்டும் சரியாச் சொல்லுங்க.