முன் சில்லின் பிறேக் எந்தக் கைக்கு?

துவிச்சக்கர வண்டியின் கைபிடியில் இரண்டு பிறேக்குகள் உள்ளன. ஒன்று முன் சில்லுக்குரியது. மற்றது பின் சில்லுக்குரியது. எந்தக் கைக்கு எது என்று வினவினால், நாள்தோறும் வண்டி ஓட்டுபவர்கூட ஒரு கணம் தயங்குவர். அற்பமாகத் தோன்றும் இவ்வினாவில் உயிர்ப் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது.

முதலில் அவ்விரண்டின் இயல்பை அறிதல் வேண்டும். ஓடும் வண்டியை நிறுத்தும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. முன் சில்லு தரையை இறுக அழுத்துகிறது. பின் சில்லோ இலேசாகிறது. ஆகவே விரைந்து நிறுத்தும் ஆற்றல் முன் பிறேக்குக்கே மிகுதி. பின் பிறேக்கை மட்டும் நம்பினால், காய்ந்த தரையிலும் வண்டி நெடுந்தூரம் சென்றே நிற்கும். ஆயினும் முன் பிறேக்கைத் திடீரென முழுப் பலத்தோடு இறுக்கினால், பின் சில்லு மேலெழுந்து, ஓட்டுபவர் கைபிடிக்கு மேலாகத் தூக்கியெறியப்படலாம். மணலிலும் ஈரத்திலும் முன் சில்லு வழுக்கினால் சமநிலையை மீட்டல் அரிது.

இனிக் கைகளின் செய்தி. வீதியின் இடப்பக்கத்தால் செல்லும் பிரித்தானியாவில் வலக்கைக்கு முன் பிறேக் என்பது வழக்கம். அங்கு விற்கப்படும் புதிய வண்டிகள் அவ்வாறே அமைந்திருத்தல் வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. அந்நாட்டிலிருந்து இலங்கைக்கு வந்த றலி, ஹம்பர் வண்டிகளும் அம்முறையினவே. வலப்பக்கத்தால் செல்லும் அமெரிக்காவிலோ இடக்கைக்கே முன் பிறேக். வாங்குபவர் விரும்பினால் மாற்றிப் பெறலாம்.

இம்மாறுபாட்டுக்குக் கூறப்படும் காரணம் கைச்சைகையாகும். இடப்பக்கத்தால் செல்பவர் வலப்புறம் திரும்புகையில், எதிர்வரும் வாகனங்களின் பாதையைக் கடக்க வேண்டும். அபாயம் மிக்க அவ்வேளையில் வலக்கை சைகை காட்ட, இடக்கை மட்டுமே கைபிடியில் தங்கும். ஒற்றைக் கையால் முன் பிறேக்கை இறுக்கினால் சில்லு கோணித் திரும்பக்கூடும். ஆதலின் அக்கைக்குச் சாந்தமான பின் பிறேக் உரியதாயிற்று. இடப்புறம் திரும்பும்போது இவ்வசதி இல்லைதான். ஆனால் அங்கே எதிர்வரும் வாகனங்களைக் குறுக்கறுக்க வேண்டியதில்லை.

மோட்டார்ச் சைக்கிளிலும் வலக்கைக்கே முன் பிறேக். இன்று துவிச்சக்கர வண்டி பழகும் சிறுவன் நாளை அதில் ஏறக்கூடும். அவசரவேளையில் அறிவு தீர்மானிக்கும் முன்னரே பழக்கம் கையை இயக்கிவிடும். எனவே ஒரு வீட்டிலுள்ள வண்டிகள் யாவும் ஒரே முறையில் அமைந்திருத்தல் நன்று. இரவல் வண்டியில் ஏறுமுன், அதைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு பிறேக்காகப் பிடித்துப் பார்த்தல் அவசியம்.

“முன் பிறேக்கைத் தொடாதே” என்று பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோர் உளர். அவ்வச்சம் பிள்ளையிடமிருந்து வலிமையான காவலைப் பறித்துவிடுகிறது. யாழ்ப்பாணத்துச் சமதரையில் பின் பிறேக்கோடு மட்டும் பழகியவர், கடுகண்ணாவைச் சரிவில் இறங்கும்போது அதன் போதாமையை உணர்வர். வெறுமையான மைதானத்தில், மெதுவான வேகத்தில், உடலைச் சற்றுப் பின்வாங்கி, இரு பிறேக்குகளையும் சிறிது சிறிதாக இறுக்கப் பிள்ளைகளைப் பழக்குதல் வேண்டும். எந்தக் கைக்கு எது என்பதைக் கை மறவாதிருக்கும்வரை அப்பயிற்சி தொடரட்டும்.