மலையும் திருமுழுக்கும்



குடமுழுக்கு நீரால் நிகழும் விழா. வேள்விச் சாலையில் மந்திரம் ஓதி நிறைத்த கும்பநீரே இறைவன் திருமுடியில் சேர்கின்றது. அந்நீருக்குத் தாயகம் யாது என வினவின், ஆம்பூரார் தெற்கே தோன்றும் ஜவ்வாது மலையைச் சுட்டுவர்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய அம்மலை, வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்து கிடக்கின்றது. அதன் வடசரிவின் ஓடைகள் பாலாற்றை நோக்கி இறங்குகின்றன. செய்யாறும் அங்கே தோன்றிப் பாலாற்றோடு கலக்கின்றது. நன்னனைப் பாடும் மலைபடுகடாம் அதனைச் சேயாறு எனக் குறிக்கின்றது.

அம்மலையில் வாழும் குடிகள் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டார் அல்லர். முன்னோர் காஞ்சியினின்று மலையேறினர் என்பது அவர்தம் மரபுவழிச் செய்தி. காட்டில் ஒரு கூறு வெட்டி, எரித்து, சாமையும் கேழ்வரகும் விதைத்து, பின்னர் அந்நிலத்தை ஓயவிட்டு வேறிடம் பெயர்வது பண்டை வழக்கம். ஓய்வுற்ற நிலம் மீண்டும் காடாகும். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின் வழியே காடுகள் அரசின் காப்புக் காடுகள் ஆயின. பெயர்ந்து உழும் வழக்கம் சுருங்கியது. தலைமுறையாகப் பயிரிட்டோர் பலர் உரிமைச் சீட்டின்றி நின்றனர். அவ்வுரிமையைச் சட்டம் ஏற்றது 2006-இல்தான்.

இறைவனுக்குச் சாத்தும் சந்தனமும் அம்மலை தந்ததே. சந்தனமரம் தனித்து வாழாது. அண்டை மரங்களின் வேரைத் தன் வேரால் பற்றி உணவு கொள்ளும். ஆதலின் காடு அழியின் சந்தனமும் இல்லை. களவு வெட்டினால் முதிர்ந்த மரங்கள் பெரிதும் மறைந்தமை வருந்தத்தக்கது.

மலையடியிலோ தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் போய்க் குரோமிய உப்பு மிகுந்தது. கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. மாசு செய்தோர் ஈடு தரவேண்டும் என உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது.

தொழிலை வெறுத்தல் அறமன்று. நீரைக் கெடுத்தலும் அறமன்று. மேலே காடு நின்றால் ஊற்று நிற்கும். கீழே கழிவு தூய்மையுற்றால் ஆறு பிழைக்கும். இவ்விரண்டில் ஒன்று குறையினும் கும்பம் நிறைவதெங்ஙனம்? கலசத்திற்கு நீர் ஊற்றும் கை, மலையில் ஒரு மரம் நடவும் நீளுமாயின் அதுவே நிறைந்த திருமுழுக்காகும். அதற்குத் திருவருள் துணை நிற்பதாக.